கேற்றடியில் நிற்கிற பெடியன்

அம்மா பிரான்சுக்குப் போகும்போது வீட்டை என்னிடம் தந்துவிட்டுப் போனார். எழுதித் தரவில்லை, பார்த்துக்கொள்ளத்தான் தந்தார். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிற குடும்பம் ஒவ்வொன்றும் இப்படி ஒரு ஆளை விட்டுவிட்டுத்தான் போகும். பூட்டிக் கிடந்தால் வீட்டில் கறையான் குடியிருக்கும், பேய் குடியிருக்கும், தூரத்துச் சொந்தம் குடியிருக்கும். மூன்றிலும் கடைசிக்குத்தான் எல்லோருக்கும் பயம். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் இரண்டு தடவையும் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டபடியால், போவதற்கு வேறு இடமில்லாத நான் காவலுக்குத் தெரிவானேன்.

அக்காவுக்கு அங்கே முதல் பிள்ளை. "பிள்ளைக்குக் கழுத்து நிண்டோடன வந்திடுவன்" என்றார் அம்மா. கழுத்து நின்றது. பிறகு "குப்புறப் பிரளட்டும்" என்றார். பிரண்டது. "தவழட்டும்" என்றார். அந்தப் பிள்ளை வளர வளர அம்மா வருகிற நாளும் முன்னால் தவழ்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு நாளும் போனில் பிள்ளையைக் காட்டுவார். நான் அதனிடம், "டேய், கெதியா நட, உன்னாலதான் நான் இஞ்ச முட்டைப் பொரியலோட கிடக்கிறன்" என்பேன். அது எச்சில் வடிக்கும்.

எனக்கு வேலை இல்லாமல் இல்லை. காலையில் ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து துறைமுக வாசலில் நிற்கிற லொறிக்காரருக்குச் சோத்துப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த லொறிக்காரர்தான் அந்த நாளில் நான் பகிடி விடக் கிடைக்கிற கடைசி மனிதர்கள். மத்தியானம் வேலை முடிந்து வந்து கேற்றைத் திறந்தால் அதற்குப் பிறகு கதைக்க ஆளில்லை. பள்ளிக்கூடக் கூட்டாளிகளில் ஒருவன் கட்டாரில். இன்னொருவன் ருமேனியாவில். மிச்சமிருந்த ஒருவன் நிலாவெளி ஹோட்டலில் வெள்ளைக்காரருக்குத் துவாய் மடிக்கிறான். துவாயில் அன்னம் செய்யப் பழகின நாளிலிருந்து அவன் எனக்குப் போன் எடுப்பதில்லை.

வாய் சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை. ஒருநாள் குளிர்பெட்டியைப் பார்த்து, "என்ன, இண்டைக்கும் வெறும் வயிறோ?" என்று கேட்டுவிட்டு, அது பதில் சொல்லுமா என்று கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தேன். அப்போதுதான், இப்படியே போனால் சரிவராது, கதைக்க ஆள் பிடிக்க வேண்டும் என்று யோசித்தேன்.

வீட்டில் ஒரு கொம்பியூட்டர் கிடந்தது. மூடிவிட்டுப் போன ஒரு கம்யூனிகேசன் கடையில் வாங்கினது. அதில் நான் லொறி ஓட்டுகிற கேம் ஒன்று விளையாடுவேன். ஐரோப்பா முழுக்க ரோட்டு இருக்கும், சாமான் ஏற்றி ஊர் ஊராய் ஓட வேண்டும். நான் எந்தச் சாமான் ஏற்றினாலும் கடைசியில் அக்கா இருக்கிற ஊருக்குப் பக்கத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துவேன். நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போனில், "உங்கட ஊருக்கு வந்திட்டன், தேத்தண்ணி போடுங்கோ" என்று எழுதுவேன். அவர் சிரிக்கிற முகம் ஒன்று அனுப்புவார்.

இந்த விளையாட்டை அப்படியே பதிந்து, இன்டர்நெட்டில் லைவாக விடலாம் என்று எனக்குத் தெரியும். விடுகிறவர்களை மணித்தியாலக் கணக்கில் பார்த்திருக்கிறேன். விளையாடிக்கொண்டே வாய் ஓயாமல் கதைக்கிறார்கள், பக்கத்தில் சனம் வரிசையாய் எழுதிக்கொண்டே இருக்கிறது. இதைவிட எனக்குப் பொருத்தமான தொழில் இல்லை.

விசைப்பலகையில் யன்னல் படம் போட்ட விசையையும் ஜி எழுத்தையும் சேர்த்து அமத்தினால் திரையில் ஒரு பட்டை வரும் என்று அந்த லைவ்காரர் சொல்லியிருந்தார்கள். வந்தது. அதில் பதிவு செய்கிற வட்டம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அமத்தினால், இந்தக் கணினியால் அது முடியாது என்று இங்கிலீசில் மரியாதையாய்ச் சொன்னது. கணித வாத்தியாரும் என்னிடம் அதே மரியாதையோடுதான் சொன்னவர்.

டவுனில் போன், கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிற கூட்டாளி ஒருவன் இருக்கிறான். குறிஞ்சாக்கேணியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கடை திறப்பதற்கு முன் அவனை இழுத்துக்கொண்டு வந்தேன். பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"மச்சான், இது கேம் அடிக்கிற மெசின் இல்ல. இதுல பில் அடிக்கலாம்."

"பில் அடிச்சா ஆர் பார்க்கிறது?"

"நீ கேம் அடிச்சா மட்டும் ஆரு பார்க்கப் போறா?"

சொல்லிவிட்டு, கடையில் கழற்றி வைத்திருந்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினான். அதற்குரிய மென்பொருளை இறக்கினான். செட்டிங்ஸில் விளையாட்டைப் பதிகிற இடத்தைத் தேடி அந்தச் சுவிட்சைப் போட்டான். வட்டத்துக்கு உயிர் வந்தது. பிறகு லைவ் விடுகிற மென்பொருளைப் போட்டு, இன்டர்நெட்டில் எனக்கென்று ஒரு சனல் திறந்து, அதிலிருந்து ஒரு நீட்டு எழுத்துக் கோவையை எடுத்து மென்பொருளில் ஒட்டினான்.

"இது ஒன்ட சாவி. ஆருக்கும் காட்டாத. காட்டினா ஒன்ட சனல்ல வேற ஒருத்தன் கூத்தாடுவான்."

"ஆடட்டுமேடா. ஒரு ஆளாவது வந்த மாதிரி இருக்கும்."

"ஒனக்கு விசர். மைக் எங்க?"

மைக்கை மேசையில் வைத்தேன். மேசை ரோட்டுப் பக்க யன்னலோடு ஒட்டிக் கிடக்கிறது. றவுட்டருக்கு அந்த யன்னலைத் தவிர வீட்டில் வேறு எங்கும் சிக்னல் கிடைக்காது. மலிவு மைக் என்றபடியால் அவன் அதன் சத்தத்தைக் கடைசிவரை கூட்டிவிட்டான். மகளை ரியூசன் வகுப்பிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்தான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றேன். "இன்னொரு நாளைக்கு மச்சான்" என்றான். எல்லோருக்கும் கூட்டிவர ஒரு ஆள் இருக்கிறது.

நான் பார்த்த லைவ்காரர் எல்லோரும் இந்தியாக்காரர். ஆகவே லைவ் என்றால் அப்படித்தான் கதைக்க வேண்டும், அது அதற்குரிய பாஷை என்று நினைத்திருந்தேன். கோயிலில் ஐயர் சமஸ்கிருதம் சொல்வதில்லையா, அதுபோல. முதல் நாள் பின்னேரம் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? நம்ம சேனலுக்கு உங்க எல்லாரையும் வெல்கம் பண்றேன்."

மக்கள் ஒருவரும் இல்லை. பார்ப்போர் ஒன்று என்று காட்டியது. அந்த ஒன்றும் நான்தான். சரியாகப் போகிறதா என்று பார்க்க என்னுடைய போனில் திறந்து வைத்திருந்தேன். போனில் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன், இல்லாவிட்டால் என் குரலே திரும்பி வந்து என்னை வெருட்டும். ஒரு கிழமை முழுக்க அந்த ஒன்றுக்கு நான் வணக்கம் சொன்னேன், வளைவுகளை விளக்கினேன், பிடித்திருந்தால் லைக் பண்ணச் சொன்னேன். அவனும் பண்ணினான்.

அடுத்த கிழமை ஒருநாள் எண் இரண்டாகியது. நான் பதறிப்போய் லொறியைக் கொண்டுபோய் ஒரு வேலியில் சாத்திவிட்டேன். வந்த ஆள் ஒன்றும் எழுதவில்லை. அந்த நேரம்தான் பேக்கரியிலிருந்து பாண், பணிஸ் கொண்டுவந்து விற்கிற ஓட்டோ வழக்கம்போல ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் ரோட்டால் போனது. செவ்வரத்தம்பூப் படம் போட்ட அந்த ஆள் எழுதினார். இங்கிலீஸ் எழுத்தில் தமிழ்.

"அது பாண் ஓட்டோவா?"

"ஆமாங்க," என்றேன்.

"எந்த ஊர்?"

"திருகோணமலைங்க."

 பிறகு, "நான் திருகோணமலைதான். இப்ப லண்டன்," என்று வந்தது. அதற்கு அடுத்ததாக, "உங்கட கேம்ல சத்தம் ஒண்டும் வரேல்லை. உங்கட ரோட்டுச் சத்தம் மட்டும்தான் வருது."

எனக்கு ஹெட்போனில் லொறி உறுமிக்கொண்டுதான் இருந்தது. பிறகு விளங்கியது. கூட்டாளி அவசரத்தில் சத்தம் எடுக்கிற இடத்தைப் பிழையாய்த் தெரிவுசெய்துவிட்டான். லொறியின் சத்தம் எனக்கு மட்டும். உலகத்துக்குப் போனது யன்னலோர மைக் மட்டும். இவ்வளவு நாளும் ஊமை லொறி ஒன்று காகம் கத்தக் கத்த ஜெர்மனிக்குள் ஓடியிருக்கிறது. திருத்தப் பார்க்கிறேன் என்றேன்.

"வேண்டாம், வேண்டாம். அப்பிடியே விடுங்கோ," என்றார் செவ்வரத்தம்பூ.

அடுத்த நாள் அவர் இன்னொரு ஆளைக் கூட்டிவந்தார். கிரிக்கெட் மட்டைப் படம் போட்டவர், கனடாவில் காலை வேலைக்கு வெளிக்கிடுகிற நேரத்தில் கேட்பவர், ஊர் சாம்பல்தீவு. பிறகு மூன்று நான்கு பேர். எல்லோரும் எங்கள் பக்கத்து ஆட்கள், எல்லோரும் எங்கேயோ குளிருக்குள் இருக்கிறவர்கள். என் திரையை ஒருவரும் பார்ப்பதில்லை. போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தங்கள் வேலையைச் செய்துகொண்டு கேட்பார்கள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால், "ஊதிட்டான்," என்று ஒரே நேரத்தில் எல்லோரும் எழுதுவார்கள்.

ஒருநாள் செவ்வரத்தம்பூ கேட்டார்: "தம்பி, நீங்கள் இந்தியாவில இருந்து வந்து இருக்கிறீங்களோ?"

ஒரு சின்ன "இல்லை" என்பதில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் பகிடி விட ஒரு இடம் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடும்போது நான் எப்படிப் போகாமல் இருப்பது?

"ஆமாங்க, வேலை விஷயமா வந்திருக்கேன். ஊர் ரொம்ப அழகா இருக்குங்க."

அன்றிலிருந்து அவர்கள் எனக்குத் திருகோணமலையைச் சொல்லித் தரத் தொடங்கினார்கள். கோணேசர் கோயிலுக்குக் கட்டாயம் போங்கோ, போகிற வழியில் மான் நிற்கும், பயப்படாதீங்கோ. கன்னியாவில் வெந்நீர்க் கிணறு இருக்கு. இப்போது கத்துகிற பறவை செண்பகம். நான் பிறந்து வளர்ந்த ரோட்டில் இருந்துகொண்டு, "அப்படீங்களா, ஓகோ," என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நாள் வயிறு வலிக்கச் சிரித்தேன். மூன்றாம் நாள், நான் வளைவு ஒன்றை விளக்கிக்கொண்டிருக்கும்போது மட்டைக்காரர் எழுதினார்:

"தம்பி குறை நினைக்காதிங்கோ. கொஞ்சம் கதையாம இருங்கோ. குயில் ஒண்டு கத்துது."

மற்றவர்கள் எல்லோரும் அதற்குப் பெருவிரல் போட்டார்கள்.

கதைக்க ஆள் வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டேன். ஆட்கள் வந்தார்கள். வந்து என்னைக் கதைக்க வேண்டாம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வாயை மூடு என்று சொன்னவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், இவர்கள் இலவசமாகவே சொன்னார்கள்.

கோபத்தில் மைக்கை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர்களும் போய்விடுவார்கள். லொறியை ஒரு பெற்றோல் செட்டில் நிறுத்திவிட்டு, "கேளுங்கோ, நல்லாக் கேளுங்கோ," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வெளியே கேற்றடிக்குப் போய் நின்றேன். எங்கள் டவுனில் ஆடுமாடு போலத் திரிகிற மான்களில் இரண்டு, மதிலோரம் வாழைப்பழத்தோல் தின்றுகொண்டு நின்றன. பாண் ஓட்டோ வந்தது. ஓட்டுகிறவர் நாற்பது வயதுக்காரர், என்னுடைய வாயைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். பாட்டைக் கேட்டதும் மான்கள் பாய்ந்து ஓடின.

"அண்ணை, உங்கட பாட்டுக்கு மானும் நிக்குதில்லை பாத்தீங்களோ?"

"அது பாட்டுக்கு ஓடேல்லை. உன்ட மூஞ்சையைக் கண்டு ஓடுது. பாண் வேணுமோ?"

"நேத்துத் தந்த பாண் இன்னும் கிடக்கு."

"ஏன், நல்லமில்லையோ?"

"நல்ல பாண். கதவுக்கு அடை குடுத்தனான். இரா முழுக்கக் காத்து, கதவு அசையேல்லை."

"உனக்கு இனிப் பாண் தரமாட்டன். போடா."

"அப்ப மாலுபாண் ஒண்டு தாங்கோ. உள்ளுக்க மீன் இருக்கோ, இல்லாட்டி மீன் வந்துபோன வாசம் மட்டும்தானோ?"

"மீன் இருக்கு. நீ கடிக்கிற கடியில அது பயந்து ஒரு மூலைக்குப் போயிடும்." கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடதாசியில் சுற்றினார். "நீ ஒரு கலியாணத்தைக் கட்டு தம்பி. எனக்கும் நாளுக்கு ஒரு றாத்தல் கூடப் போகும்."

"ஒரு றாத்தல் பாணுக்காக ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பாழாக்கச் சொல்லுறீங்களே அண்ணை."

அவர் சிரித்த சிரிப்பில் ஓட்டோவின் கண்ணாடி நடுங்கியது. இப்படிக் கதைத்தது ஐந்து நிமிசம் இருக்கும், அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. உள்ளே வந்து திரையைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் வராத அளவுக்கு எழுத்து வந்து கிடந்தது.

"ஆர் அந்தப் பெடியன்?"

"கதவுக்கு அடை குடுத்தவனாம். பஸ்ஸுக்குள்ள நிண்டு சிரிக்கிறன், எல்லாரும் பாக்கிறாங்கள்."

"தம்பி, ஆளை உங்களுக்குத் தெரியுமோ?"

நான் கதிரையில் இருந்தேன். மாலுபாண் கையில் சூடாக இருந்தது. அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். இந்தியாக்காரன் குறுக்கே நின்றான்.

"பக்கத்து வீட்டுப் பையங்க," என்றேன். "கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

"விடுங்கோ, கதைக்கட்டும்," என்றார் செவ்வரத்தம்பூ. "அவன் கதைக்கிறது கேட்டா எங்கட தம்பிமார் கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

அதற்குப் பிறகு என் பின்னேரங்கள் இப்படிப் போயின. லைவைத் தொடங்கி, இந்தியாக்காரனாய் ஒரு வணக்கம் சொல்வேன். லொறியை எங்காவது ஓரம் கட்டிவிட்டுக் கேற்றடிக்கு ஓடுவேன். ரோட்டில் வருகிற ஒருவரையும் விடுவதில்லை. சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடம், "அண்ணை, இந்தச் சூரை என்னைவிட வயசு கூடவோ?" என்று கேட்பேன். அவர் சொல்கிற பதில் இங்கே எழுதக் கூடியது இல்லை. ஆள் வராத நாளில் மானோடு கதைத்தேன். கதைக்கும்போது யன்னல் பக்கமாய் முகத்தைத் திருப்பிச் சத்தமாய்க் கதைப்பேன். ஆளில்லாத வீட்டுக்குள் அவர்கள் இருந்து கேட்கிறார்கள் என்ற நினைப்பு, முதுகில் வெயில் படுகிற மாதிரி இருக்கும். பிறகு உள்ளே ஓடிவந்து அந்தப் பெடியனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசிப்பேன். அவனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்குத்தான் அவன்மேல் பொறாமை வந்து, அவனைக் கண்ணில் காட்டேலாமல் போனது.

ஒருநாள் கடைக்காரக் கூட்டாளி, கார்ட் சூடாகிறதா என்று பார்க்க வந்தான். வந்தவன் செட்டிங்ஸைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மச்சான், கேம் சத்தம் போகவே இல்லையே. நான் விட்ட பிழை. ரெண்டு நிமிசம், சரி பண்ணித் தாறன்."

"விடு."

"என்ன விடு? ஒழுங்கான சனல் ஒண்டா வரணும் எண்டுதானே கேட்ட?"

"அதைத் தொட்டியெண்டா கையை முறிப்பன். கேக்கிற ஆக்கள் ஓடிப்போயிடுவாங்கள்."

அவன் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் வாசித்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இவங்க தேடுற பொடியன் நீதானே. சொல்லித் துலையன்."

"சொன்னா எப்பிடியடா? இவ்வளவு நாளும் கோணேசர் கோயிலுக்கு வழி கேட்டிருக்கிறன்."

அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காதது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கும் தேத்தண்ணி குடிக்க நேரமில்லை என்று போய்விட்டான்.

பிள்ளை நடந்தது அந்தக் கிழமைதான். அம்மா போன் எடுத்து, அது கதிரையைப் பிடித்து நின்று, கையை விட்டு, அக்காவின் காலடிக்கு நடந்து போனதைக் காட்டினார். நான் கைதட்டினேன். "சரி, மருமகன் நடந்திட்டான். இனி நீங்கள் நடந்து வாங்கோ," என்றேன்.

அம்மா போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பவில்லை. மேசையின் ஒரு மூலைதான் எனக்குத் தெரிந்தது.

"தம்பி, அக்கா வேலைக்குத் திரும்பிப் போறா. பிள்ளையை வைச்சிருக்க ஆளில்லை. எனக்கு இஞ்ச இருக்கிறதுக்குக் கடுதாசி போட்டு, அது சரிவந்திட்டுது."

"எவ்வளவு நாளைக்கு?"

"இருக்கலாமாம். வீட்டில அரைவாசியை ஆருக்கும் வாடகைக்குக் குடுப்பம் எண்டு அத்தான் சொல்லுறார். உனக்கும் துணையா இருக்கும். பிறகு உன்னையும் கூப்பிடலாம். என்னடா, கதைக்கிறாய் இல்லை?"

"வாடகைக்கு மான் ரெண்டு கேட்டு வந்தது. சமைக்காத ஆக்கள், சுவரில கரி பிடியாது. அதுகளுக்கே குடுத்திடுவம்."

அம்மா சிரித்தார். என் பகிடிக்கு அவர் சிரிக்காமல் விட்டதே இல்லை. "சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். "ஓம்," என்றேன். சாப்பிடவில்லை.

அன்று பின்னேரம் லைவைத் தொடங்கினேன். வணக்கம் சொன்னேன். கேற்றடிக்குப் போனேன். பாண்காரர் வந்தார், அவரோடும் வழக்கம்போலக் கொழுவினேன். என்ன கதைத்தேன் என்று ஞாபகம் இல்லை, வாய் தன்பாட்டில் ஓடியது. அவர் போன பிறகும் கேற்றில் சாய்ந்து நின்றேன். விளக்குக் கம்பத்தடியில் நாய் படுத்திருந்தது. அதனிடமும் ஏதோ சொன்னேன். உள்ளே போகத் தோன்றவில்லை. கன நேரம் கழித்துத்தான் வந்தேன்.

மட்டைக்காரர் வேலைக்குப் போகிறேன் என்று எழுதிவிட்டும் போகாமல் இருந்தார். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். செவ்வரத்தம்பூ எழுதியிருந்தது கடைசியாகக் கிடந்தது.

"தம்பி, கனநாளா ஒண்டு கேக்க நினைக்கிறன். அந்தப் பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு வீட்டில ஒருத்தரும் இல்லையோ? ஒவ்வொரு பின்னேரமும் ரோட்டிலதான் நிக்கிறான். 'டேய் உள்ளுக்க வா' எண்டு ஒரு ஆள் கூப்பிட்ட சத்தம் ஒருநாளும் கேக்கேல்லை."

இரண்டு தரம் வாசித்தேன். இவ்வளவு நாளும் அவர்கள் குயிலையும் கப்பலையும்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கேட்காத சத்தத்தையும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். இந்தியாக்காரனைத் தேடினேன், அவன் தொண்டைக்குள் வரவில்லை.

"இல்லை அக்கா," என்றேன். "அவனுக்கு வீட்டில ஒருத்தரும் இல்லை. தாய் பிரான்சில. மகள்ட பிள்ளை நடந்தோடன வாறன் எண்டவா. பிள்ளை நடந்திட்டுது, அவா வரமாட்டா. இண்டைக்குத்தான் சொன்னவா. அந்தப் பெடியன் நான்தான். இந்தியாவும் இல்லை ஒண்டும் இல்லை, இந்த வீட்டிலதான் பிறந்தனான். கோணேசர் கோயிலுக்கு வழி எனக்குத் தெரியும்."

 பார்ப்போர் எண்ணைப் பார்த்தேன், குறையவில்லை. வெளியே காகம் ஒன்று கத்தியது. ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மட்டைக்காரர் முதலில் எழுதினார்.

"அட கள்ளா. உனக்குச் செண்பகம் எது எண்டு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினனான்."

"நல்லா விளங்கப்படுத்தினீங்கள் அண்ணை. ஆனா அது செண்பகம் இல்லை, பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர்."

பிறகு செவ்வரத்தம்பூ. நான் பயந்துகொண்டிருந்தது அவருக்குத்தான்.

"சாப்பிட்டனீரோ?" என்று கேட்டிருந்தார்.

"இல்லை."

"என்ன கிடக்கு வீட்டில?"

"தேங்காய் கிடக்கு. வெங்காயம், பச்சை மிளகாய். சோறு காலமை வைச்சது. கறி வைக்கத் தெரியாது எனக்கு, முட்டை பொரிக்கத்தான் தெரியும்."

"சொதி வையும். நான் சொல்லுறன். முதல்ல தேங்காயைத் திருவும்."

குசினி முன் அறைக்கு அடுத்தது. கதவைத் திறந்து விட்டேன். திருவலையில் குந்தியிருந்து திருவத் தொடங்கியதும் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். "தேங்காய் திருவுற சத்தம் கேக்குது," என்று அந்த இரண்டு பேரில் ஒருவர் எழுதியிருந்தார். திரும்ப ஓடினேன். பாலைப் பிழிந்தேன். ஓடிவந்து வாசித்தேன். வெங்காயம், மிளகாய், வெந்தயம், மஞ்சள், இரண்டாம் பால். திரும்ப ஓடினேன். இதற்கிடையில் தக்காளி போடுவதா இல்லையா என்று அவர்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. தக்காளி போட்டால் அது சொதியே இல்லை என்றார் செவ்வரத்தம்பூ. சாம்பல்தீவில் போடுவார்கள் என்றார் மட்டைக்காரர். சாம்பல்தீவில் அதையும் போடுவீங்கள் இன்னமும் போடுவீங்கள் என்று நான் குசினியிலிருந்து கத்தினேன். முதற்பாலை விட்டதும் கொதிக்க விடக் கூடாது, உடனே இறக்க வேண்டும் என்று செவ்வரத்தம்பூ எழுதியிருந்தார். அதை நான் வாசித்துக்கொண்டு நிற்கும்போது அது கொதித்துத் திரைந்தது.

"திரைஞ்சிட்டுது அக்கா."

"பரவாயில்லை. தேசிக்காய் பிழிஞ்சு சாப்பிடும். முதல் சொதி எல்லாருக்கும் திரையும்."

சோத்தைக் கோப்பையில் போட்டு, அந்தத் திரைந்த சொதியை விட்டு, மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துச் சாப்பிட்டேன். உப்புக் காணாது என்று சொன்னேன். நாளைக்குப் பருப்பு என்றார் அவர். மட்டைக்காரர் வேலைக்குப் பிந்திவிட்டது, முதலாளி கேட்டால் சொதி திரைந்தது என்று சொல்லப்போகிறேன் என்று எழுதிவிட்டுப் போனார். பிறகு மற்ற இரண்டு பேரும் போனார்கள். செவ்வரத்தம்பூ போகிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் ஒன்றும் எழுதவும் இல்லை. இருக்கிறாரா, போனை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாரா என்று அறிய வழி இல்லை. பார்ப்போர் இரண்டு என்று காட்டியது. அதில் ஒன்று நான்.

சாப்பிட்ட கோப்பை என்று ஒன்றுதான் கிடந்தது. மைக்கை நிறுத்தாமலே அதைக் கொண்டுபோய்க் கழுவினேன்.